அமெரிக்காவில் அப்பாவுக்கு வந்த வைத்தியச் சிட்டை: காணியை விற்கத்தான் வேண்டுமா?

கேள்வி – வெள்ளவத்தை மகன்

வணக்கம். நான் வெள்ளவத்தையில் வசிக்கிறேன். என் அக்கா, அத்தானோடும் இரண்டு பிள்ளைகளோடும் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகருக்கு வெளியே பன்னிரண்டு வருடங்களாக இருக்கிறார். 71 வயதான எங்கள் அப்பா இந்த ஆண்டு சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கையோடு மூன்று மாதப் பயணமாக அங்கே போனார். போய் ஆறாவது வாரத்தில் ஒரு விடியற்காலையில் அவருக்கு நெஞ்சுவலி வந்து, அக்கா அம்புலன்ஸை அழைத்திருக்கிறார். அன்று காலையே இதய நாளத்தில் இரண்டு ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு குழாய்) வைத்தார்கள். நான்காம் நாள் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்பா இப்போது கொழும்புக்குத் திரும்பிவிட்டார். மாலையில் கடற்கரையோரம் நடந்து வருமளவுக்கு நலமாக இருக்கிறார். அவருடைய உயிரைக் காத்தவர்களுக்கு நாங்கள் நன்றியுடையவர்கள் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

கொழும்பில் தனியார் வைத்தியசாலை என்றால் காசாளரிடம் கணக்கை முடித்த பிறகுதான் நோயாளியை வீட்டுக்குக் கூட்டி வரலாம். அங்கே ஒரு சதமும் கேட்காமல் வழியனுப்பியதால், நான் வாங்கிக் கொடுத்த பயணக் காப்புறுதி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது என்றே நம்பியிருந்தோம். யூலை நடுப்பகுதியில் வைத்தியசாலையிலிருந்து 1,18,400 டொலருக்குச் சிட்டை வந்தது. அதற்குப் பிறகு அவசரப் பிரிவு மருத்துவர் குழுவிடமிருந்து ஒன்று, இதயநோய் நிபுணரிடமிருந்து ஒன்று, அம்புலன்ஸ் சேவையிடமிருந்து ஒன்று என்று தனித்தனியாக வரத் தொடங்கின. எல்லாவற்றையும் கூட்டினால் 1,31,000 டொலருக்கு மேல். டொலருக்கு 300 ரூபாய் என்று வைத்தாலும் நான்கு கோடியை நெருங்குகிறது.

காப்புறுதியை இணையத்தில் மலிவாகப் பார்த்து எடுத்தவன் நான். உச்ச வரம்பு 50,000 டொலர் என்பதை மட்டுமே கவனித்தேன். கட்டிலுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு, சத்திரசிகிச்சைக்கு இவ்வளவு என்று உள்ளே வேறு வரம்புகள் இருந்ததை நான் வாசிக்கவில்லை. அந்தத் தொகையைக்கூட இப்போது தர மறுத்துவிட்டார்கள். அப்பா ஒன்பது வருடமாக இரத்த அழுத்தத்துக்குக் குளிசை எடுப்பதால் இது ஏற்கெனவே இருந்த நோய் என்கிறார்கள்.

அக்கா தவணை முறையில் கட்டுவதாகச் சொல்கிறார். அவர்களுடைய வருமானத்தில் அது நடக்கிற காரியம் அல்ல. கொக்குவிலில் அப்பாவின் பெயரில் நான்கு பரப்புக் காணி இருக்கிறது. அதை விற்க ஒரு தரகரிடம் பேசியிருக்கிறேன். அப்பாவுக்குச் சிட்டை வந்ததே தெரியாது. இந்தத் தொகையை அப்படியே கட்டத்தான் வேண்டுமா? அக்காவை வழக்குக்கு இழுப்பார்களா? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில் 1 – கொட்டாஞ்சேனைப் பெண்

தம்பி, நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். நியூ ஜேர்சியில் ஒரு வைத்தியசாலையின் கணக்குப் பிரிவில் பதினொரு வருடம் வேலை செய்துவிட்டு இப்போது கொழும்புக்குத் திரும்பியிருக்கிறேன். முதலில் தரகரை நிறுத்துங்கள். அந்த 1,18,400 டொலரை நீங்கள் இங்கே காசாளர் நீட்டும் சிட்டையைப்போல முடிந்த கணக்காக வாசிக்கிறீர்கள், அது அப்படிப்பட்டதல்ல.

அங்கே ஒவ்வொரு வைத்தியசாலையிடமும் ஊசி முதல் ஸ்டென்ட் வரை ஒவ்வொன்றுக்கும் தானே விலை குறித்த பெரும் பட்டியல் ஒன்று உண்டு. அந்த விலையை ஏறத்தாழ எவரும் முழுமையாகக் கட்டுவதில்லை. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான அரச காப்புறுதியான மெடிகேயர் தானே ஒரு தொகையை நிர்ணயித்துக் கொடுக்கிறது. தனியார் காப்புறுதி நிறுவனங்கள் பேரம் பேசித் தங்களுக்கென்று ஒரு விலையை வாங்கிக்கொள்கின்றன. 2022ஆம் ஆண்டுக் கணக்குகளைப் பார்த்த ராண்ட் ஆய்வு நிறுவனம், வைத்தியசாலைகளுக்குத் தனியார் காப்புறுதிகள் கொடுத்தது மெடிகேயர் கொடுத்திருக்கக்கூடியதில் சராசரியாக 254 சதவீதம் என்று கண்டது. ஒரே சிகிச்சைக்கு ஒரே கட்டிடத்தில் இத்தனை விலைகள் இருக்கும்போது, பேரம் பேச ஆள் இல்லாத நோயாளியின் கையில்தான் பட்டியலின் உச்ச விலை வந்து விழுகிறது. உங்கள் அப்பாவுக்கு நடந்ததும் இதுதான்.

அக்கா முதலில் செய்ய வேண்டியது, ஒவ்வொரு ஊசிக்கும் ஒவ்வொரு பரிசோதனைக்கும் குறியீட்டோடு வரிவரியாக எழுதப்பட்ட விவரச் சிட்டையை எழுத்து மூலம் கேட்பது. அனுப்பப்படும் முதல் தாளில் பெரும்பாலும் மொத்தங்கள் மட்டுமே இருக்கும். ஒரே பரிசோதனை இரண்டு தடவை ஏறியிருப்பதையும், நோயாளி வீட்டுக்குப் போன நாளுக்கும் கட்டில் கட்டணம் போடப்பட்டிருப்பதையும் நான் என் கையால் திருத்தியிருக்கிறேன். அதைச் செய்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஆயிரக்கணக்கான வரிகளை அவசரத்தில் ஏற்றும் இடத்தில் பிழை வரும். ஆனால் கேட்பவருக்குத்தான் அது திருத்தப்படும்.

அடுத்தது இதைவிட முக்கியம். அமெரிக்காவின் சமூக வைத்தியசாலைகளில் அரைவாசிக்கு மேற்பட்டவை இலாப நோக்கற்றவை என்று பதிவாகி வரிவிலக்குப் பெறுபவை. 2010ஆம் ஆண்டுச் சுகாதாரச் சட்டத்தின்படி அவை ஒவ்வொன்றும், வசதி குறைந்த நோயாளியின் சிட்டையைக் குறைக்கும் நிதியுதவிக் கொள்கையை எழுத்தில் வைத்திருக்க வேண்டும்; இணையத்தளத்திலும் போட வேண்டும். முதல் சிட்டை வந்த நாளிலிருந்து 240 நாட்கள் வரை விண்ணப்பத்தை ஏற்க வேண்டும். முதல் 120 நாட்களுக்குள் வழக்குப் போடவோ, ஒருவர் கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று பதிந்து வைக்கும் கடன் மதிப்பீட்டு நிறுவனங்களுக்கு அறிவிக்கவோ கூடாது. உதவிக்குத் தகுதி பெற்றவரிடம், காப்புறுதி உள்ளவர்களிடம் பொதுவாக அறவிடும் தொகைக்கு மேல் வாங்கவும் முடியாது. சில வைத்தியசாலைகள் அந்த உதவியைத் தங்கள் மாவட்டத்தில் வசிப்பவர்களுக்கு மட்டும் என்று வரையறுத்திருக்கும், சில அப்படிச் செய்வதில்லை. ஆகவே அந்தக் கொள்கைப் பத்திரத்தை முழுவதும் வாசியுங்கள். உங்களுக்கு யூலை நடுப்பகுதியில் முதல் சிட்டை வந்ததென்றால் மார்ச் நடுப்பகுதி வரை அவகாசம் இருக்கிறது. விண்ணப்பத்தில் கேட்கப்படுவது நோயாளியின் வருமானம். ஓய்வூதியம் பெறும் ஒருவரின் வருமானம் அங்கே மிகச் சிறியதாகவே தெரியும்.

உதவி மறுக்கப்பட்டாலும் பேசலாம். 2021 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து, காப்புறுதி இல்லாமல் கைக்காசு கொடுத்துச் சிகிச்சை பெறுபவருக்கான கழிவு விலையை வைத்தியசாலைகள் வெளிப்படையாகப் பிரசுரிக்க வேண்டும் என்பது விதி. அந்த விலையையும் மெடிகேயர் கொடுக்கும் தொகையையும் எடுத்து வைத்துக்கொண்டுதான் பேச்சைத் தொடங்க வேண்டும், 1,18,400இலிருந்து அல்ல.

இப்போது அக்காவின் பொறுப்பு. தகப்பனுடைய வைத்தியக் கடன், மகள் என்பதற்காக மட்டும் மகள் மேல் ஏறிவிடாது. ஆனால் அன்று விடியற்காலையில் பதிவு மேசையில் அவரிடம் கையொப்பம் வாங்கியிருப்பார்கள். அவர் நோயாளியின் சார்பில் ஒப்பமிட்டாரா, பணத்துக்குப் பிணை நிற்பவர் என்ற இடத்தில் ஒப்பமிட்டாரா என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. அந்தத் தாளின் பிரதியைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி அவசரப் பிரிவு, பணத்தைப் பற்றிய பேச்சுக்காகச் சிகிச்சையைத் தாமதப்படுத்தக் கூடாது. அவர் ஒப்பமிட மறுத்திருந்தாலும் அப்பாவைப் பார்த்துத்தான் இருப்பார்கள். இது அக்காவுக்கு அன்று தெரிந்திருக்க நியாயமில்லை. அதற்காக அவர் தன்னை நொந்துகொள்ளக் கூடாது.

ஒன்றை மட்டும் மிகவும் கெஞ்சிக் கேட்கிறேன். அவசரப்பட்டு அந்தத் தொகையைக் கடனட்டையில் போட வேண்டாம். போட்ட அந்தக் கணமே அது வைத்தியக் கடன் என்ற நிலையை இழந்து சாதாரண வட்டிக் கடனாகிவிடும். நிதியுதவி கேட்கும் வழி பெரும்பாலும் அடைபடும். வைத்தியக் கடனாகவே இருந்தால், மூன்று பெரிய கடன் மதிப்பீட்டு நிறுவனங்களும் ஒரு வருடம் கழியும் வரை அதைப் பதிவதில்லை, 500 டொலருக்குக் குறைந்ததைப் பதிவதே இல்லை. நம்முடைய ஆட்கள் மானத்துக்குப் பயந்து முதலில் எடுப்பது கடனட்டையைத்தான். என் மேசைக்கு முன்னால் அழுதபடி அதை நீட்டிய எத்தனையோ பேரை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பதில் 2 – மருதானை வாசகன்

இவ்வளவு அலைச்சல் ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. அப்பா கொழும்புக்கு வந்துவிட்டார். அமெரிக்க வைத்தியசாலை ஒன்று நான்கு பரப்புக் காணிக்காக இங்கே வந்து வழக்காடப் போவதில்லை. அக்கா பிணை ஒப்பம் இடவில்லை என்றால் சிட்டைகளை அப்படியே விட்டுவிடுங்கள்.

பதில் 3 – கொட்டாஞ்சேனைப் பெண்

மருதானை வாசகருக்கு: நீங்கள் சொல்வது நடைமுறையில் நடக்கக்கூடியதுதான், இது குடியியல் கடன், இதற்காக யாரையும் சிறையில் போடுவதில்லை. ஆனாலும் நான் அந்த வழியைச் சொல்ல மாட்டேன். சிட்டைகள் வரும் முகவரியில் அக்கா குடியிருக்கிறார். கடன் அறவிடும் நிறுவனங்களின் கடிதங்களும் அழைப்புகளும் அவருடைய வீட்டுக்குத்தான் போகும். பேரப்பிள்ளைகளைப் பார்க்க அப்பா மறுபடி விசாவுக்குப் போகும்போது, சென்ற முறை வைத்தியச் செலவு எப்படித் தீர்க்கப்பட்டது என்று அதிகாரி கேட்கலாம். அப்போது, விண்ணப்பித்தோம், குறைத்தார்கள், தீர்த்தோம் என்று காட்ட ஒரு கடிதம் கையில் இருப்பது நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, உயிரைக் காத்த இடத்துக்கு நியாயமான ஒரு தொகையைக் கொடுக்க இந்தத் தம்பி விரும்புகிறார் என்றே எனக்குப் படுகிறது. நியாயமான தொகை எது என்பதுதான் கேள்வி.

பதில் 4 – கிளினிக் மருத்துவர்

காப்புறுதி மறுப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இரத்த அழுத்தம் இருந்தது என்பதும் இதய நாள நோய் ஏற்கெனவே இருந்தது என்பதும் ஒன்றல்ல. அழுத்தம் ஆபத்துக் காரணிகளில் ஒன்று. மேலும், வருகையாளர் காப்புறுதிகள் பலவற்றில், ஏற்கெனவே உள்ள நோய் எதிர்பாராமல் திடீரென்று தீவிரமானால் ஒரு வரம்பு வரை கொடுப்போம் என்ற தனி வாசகம் இருக்கும். சிலவற்றில் அதற்கு 70 வயது என்ற எல்லையும் போட்டிருப்பார்கள். உங்கள் ஒப்பந்தத்தில் அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். மறுப்புக் கடிதத்தில் மேன்முறையீட்டுக்கான கடைசித் திகதி இருக்கும். அதைத் தவற விட வேண்டாம்.

அப்பாவின் கிளினிக் கொப்பியை எடுத்து, ஒன்பது வருடத்துப் பக்கங்களையும் பிரதி பண்ணுங்கள். நெஞ்சுவலி என்று எங்கும் எழுதப்படவில்லை, பழைய ஈசிஜி வழமையாக இருந்தது என்றால், அவரைப் பார்த்து வந்த மருத்துவரிடம் அதைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் வாங்குங்கள். எதையும் மறைக்க வேண்டாம். ஒரு பக்கத்தைக் கிழித்தாலும் முழு முறையீடும் நம்பிக்கை இழந்துவிடும். இன்னொன்று: அவருக்குக் கொடுத்திருக்கும் இரத்தக் கட்டியைத் தடுக்கும் குளிசைகளைச் செலவைக் காரணம் காட்டி நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிளினிக்கில் பதிந்தால் அரசாங்கப் பெரியாஸ்பத்திரியில் அவை இலவசமாகவே கிடைக்கும்.

பதில் 5 – ஓய்வுபெற்ற ஆசிரியர், தெகிவளை

சிட்டையைப் பற்றிய அறிவுரையை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் உங்கள் அக்காவைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் என் தம்பிக்கு நடந்ததை நான் மிகப் பிந்தியே அறிந்தேன்.

அவன் கலிபோர்னியாவில் நல்ல வேலையில் இருந்தான், காப்புறுதியும் இருந்தது. அந்த நாட்டில் காப்புறுதி பெரும்பாலும் தொழிலோடு கட்டப்பட்டிருக்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1942இல், சம்பள உயர்வுக்கு அரசு கட்டுப்பாடு போட்டபோது, ஆட்களைப் பிடித்து வைத்திருக்க முதலாளிமார் சம்பளத்துக்குப் பதிலாகக் காப்புறுதியைக் கொடுக்கத் தொடங்கினார்கள். அப்படி வந்த ஏற்பாடு இன்றுவரை நிலைத்துவிட்டது. அதனால் நோய் வந்து வேலை போகும்போது, எந்த நேரத்தில் காப்புறுதி மிக அவசியமோ அந்த நேரத்தில் அதுவும் கூடவே போகிறது. என் தம்பிக்குப் புற்றுநோய் வந்தது; எட்டாம் மாதத்தில் வேலை போயிற்று. பழைய காப்புறுதியைப் பதினெட்டு மாதம் வரை தொடரச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அதுவரை முதலாளி கட்டி வந்த பங்கையும் சேர்த்து முழுத் தவணையையும், மேலதிகமாக இரண்டு சதவீதத்தையும் தொழிலாளியே கட்ட வேண்டும். சம்பளம் இல்லாத வீட்டில் அதை எப்படிக் கட்டுவது? காப்புறுதி இருக்கும்போதுகூட நோயாளி தன் கையிலிருந்து கொடுக்கும் பங்கு சிறியதல்ல. 2025ஆம் ஆண்டில் சட்டம் அனுமதித்த உச்சத் தொகை தனியாளுக்கு 9,200 டொலர், குடும்பத்துக்கு 18,400. அதுவும் வருடத்துக்கு ஒரு தடவை. ஜனவரி பிறந்தால் கணக்கு மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கும். அவனுடைய சிகிச்சை இரண்டு ஜனவரிகளைத் தாண்டியது.

இவற்றில் ஒன்றையும் அவன் எங்களுக்குச் சொல்லவில்லை. எங்கள் அம்மா தவறியபோது அவன் வரவில்லை. எட்டுச்செலவுக்கும் இல்லை, அந்தியேட்டிக்கும் இல்லை. உறவினர் எல்லோரும், நானும்தான், அமெரிக்கா போனவன் தாயை மறந்துவிட்டான் என்று பேசினோம். நான்கு வருடம் கழித்து அவனுடைய மனைவி என் மனைவியிடம் தொலைபேசியில் சொல்லித்தான் தெரியும்: அந்த மாதம் அவர்கள் ஒரு வைத்தியசாலைக்கும் இரண்டு பரிசோதனைக்கூடங்களுக்கும் தவணை கட்டிக்கொண்டிருந்தார்கள், விமானச் சீட்டுக்குக் காசு இருக்கவில்லை. வெளிநாட்டில் இருந்து இங்கே காசு அனுப்புகிறவன், தன்னிடம் காசு இல்லை என்று ஊருக்குச் சொல்ல நாங்கள் இடம் வைத்திருக்கவில்லை. அந்த நாட்டில் அவனைப்போல ஏறத்தாழ இரண்டு கோடிப் பேர் வைத்தியக் கடனில் இருக்கிறார்கள், கடனின் மொத்தம் குறைந்தது 22,000 கோடி டொலர் என்று கே.எஃப்.எஃப். என்ற ஆய்வு நிறுவனம் கணக்கிட்டிருப்பதைப் பின்னாளில் வாசித்தேன். அவன் மட்டும் ஏதோ குற்றம் செய்தவன்போல ஒளித்து வைத்திருந்தான்.

நான் கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் இரண்டு தடவை வாட்டில் கிடந்தவன். கட்டில் இல்லாமல் ஒரு இரவு வாங்கில் இருந்திருக்கிறேன். ஸ்கான் எடுக்க வாரக்கணக்கில் காத்திருந்திருக்கிறேன். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது மருத்துவர் எழுதிய துண்டை எடுத்துக்கொண்டு வெளியே மருந்துக்கடை மருந்துக்கடையாக அலைந்திருக்கிறேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு தபாற்காரனைக் கண்டு நான் ஒருநாளும் பயந்ததில்லை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வருகிறது, பிறகு அதற்காகக் கடிதம் வருவதில்லை. என் தம்பியின் மனைவி தபாற்பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் திறப்பாராம்.

ஆகவே தம்பி, அப்பாவிடம் சொல்லுங்கள். காணி அவருடையது, நெஞ்சும் அவருடையது. அதிர்ச்சி தாங்குவாரா என்ற உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. மருத்துவரிடம் கேட்டு, மெல்ல, விண்ணப்பம் போட்டிருக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் அக்கா இப்போது தகப்பனுக்கும் தெரியாமல், பிள்ளைகளுக்கும் தெரியாமல் இதைத் தனியே தூக்கிக்கொண்டிருக்கிறார்.

கேள்வி கேட்டவர் – வெள்ளவத்தை மகன் (மூன்று வாரம் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. ஐயா எழுதியதை அன்றிரவே அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். நெடுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அத்தானுக்குத் தெரியாமல் அம்புலன்ஸ் சிட்டையைத் தன் கடனட்டையில் ஏற்கெனவே கட்டிவிட்டதாகச் சொன்னார். அதைத் திருப்ப முடியாது. மற்றவை எதையும் தொடவில்லை.

பதிவு மேசைத் தாளின் பிரதி கிடைத்தது. அக்கா ஒப்பமிட்டிருப்பது நோயாளியின் சார்பில் என்ற இடத்தில் மட்டும். பிணை நிற்பவர் என்ற இடம் வெறுமையாக இருக்கிறது. விவரச் சிட்டை 14 பக்கம் வந்தது. இரண்டாம் நாளில் ஒரே இரத்தப் பரிசோதனை இரண்டு வரிகளில் ஒரே நேரத்தோடு ஏறியிருப்பதை அத்தான் கண்டுபிடித்திருக்கிறார். அதை எழுத்தில் கேட்டிருக்கிறோம். அந்த வைத்தியசாலை இலாப நோக்கற்றதுதான். அதன் கொள்கைப் பத்திரத்தில், அவசரச் சிகிச்சைக்கு வசிப்பிட நிபந்தனை இல்லை என்று எழுதியிருக்கிறது. காப்புறுதிக்கு மேன்முறையீடும் போட்டுவிட்டோம். கிளினிக் கொப்பியின் எல்லாப் பக்கங்களும் அதில் இணைக்கப்பட்டிருக்கின்றன.

அப்பாவிடம் ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். தொகையைக் கேட்டுவிட்டு, அவள் ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டார். பிறகு எழுந்து போய், தன்னுடைய ஓய்வூதிய ஆவணங்கள் இருக்கும் கோவையை எடுத்து வந்து மேசையில் வைத்தார். தரகருக்கு அவரே அழைத்து, காணி விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்.

இன்னும் ஓர் உதவி தேவை. விண்ணப்பத்தோடு அப்பாவின் வருமானத்துக்கு ஆங்கிலத்தில் சான்று கேட்கிறார்கள். ஓய்வூதியப் பத்திரங்கள் சிங்களத்தில் இருக்கின்றன. யாரிடம் போக வேண்டும்?

பதில் 6 – கொட்டாஞ்சேனைப் பெண்

அப்பா ஓய்வூதியம் பெறும் பிரதேச செயலகத்தில், மாதத் தொகையைக் குறிப்பிட்டு ஆங்கிலத்தில் கடிதம் தர முடியுமா என்று முதலில் கேளுங்கள். சிங்களத்தில்தான் தந்தால், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் கொடுத்து, அவருடைய முத்திரையோடும் ஒப்பத்தோடும் மொழிபெயர்ப்பை வாங்கி, மூலப்பிரதியையும் சேர்த்து அனுப்புங்கள். கடந்த ஆறு மாத வங்கிக் கூற்றையும் இணையுங்கள். அதைக் கேட்காமல் விடமாட்டார்கள். பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, அதே நாளில் அக்காவை இணையவழியாகவும் ஏற்றச் சொல்லுங்கள், திகதி பதிவாகும்.